பெயர் வைத்தால் கம்பி சேர்ந்துவிடாது

"மாமா, ஒய்னு லேபிள் வெச்சிருக்கேன். கண்ணுக்கு நேரா தெரியுது. ஆனா இது அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லுது."

முசரவாக்கத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள் அக்கா மகள். எலெக்ட்ரானிக்ஸ், மூன்றாம் ஆண்டு. சிக்னலைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டர் என்ற சுற்றுக்கு லேஅவுட் வரைந்து, சரிபார்த்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தமே இரண்டு டிரான்சிஸ்டர். சிப் உலகத்தில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. அவளோ இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

நான் லேஅவுட் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவன். அவள் திரையில் இருந்த தவறு நானும் என் முதல் வருடத்தில் செய்தது, என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் செய்தது. மென்பொருளில் எந்த மெனுவை அழுத்துவது என்று யார் வேண்டுமானாலும் காட்டிவிடுவார்கள். அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. அன்று அவளுக்குச் சொன்னதை இந்தப் படிப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன். மகள் ராத்திரியெல்லாம் கலர் கலராகக் கட்டம் வரைகிறாளே, அது என்ன என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது புரியும்.

முதலில் நெட் என்றால் என்ன. வீட்டில் ஒரே சுவிட்சிலிருந்து மூன்று விளக்குக்குக் கம்பி போகிறது என்று வையுங்கள். நடுவில் எத்தனை ஒட்டு, எத்தனை ஜங்ஷன் பாக்ஸ் இருந்தாலும் மின்சாரத்துக்கு அது ஒரே இடம்தான். அப்படி மின்சாரம் ஒரே இடமாகப் பார்க்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் நெட். இன்வெர்ட்டரில் நான்கு நெட் உண்டு. உள்ளே வரும் சிக்னல் ஏ, வெளியே போகும் சிக்னல் ஒய், மேலே மின்சாரம் தரும் விடிடி, கீழே தரையான விஎஸ்எஸ்.

எது எதோடு சேர வேண்டும் என்று குறியீடுகளால் காட்டும் ஸ்கீமேடிக் வரைபடத்தில் இதெல்லாம் தெளிவாக இருக்கும். கோடு இழுத்தால் இணைப்பு, பெயர் எழுதினால் பெயர். லேஅவுட் அப்படிப்பட்டதல்ல. அது தொழிற்சாலையில் சிலிக்கான் மேல் அடுக்கடுக்காகப் பதியப்போகும் உருவங்களின் படம். எந்த அடுக்கில், எந்த இடத்தில், எத்தனை அகலத்தில் ஒரு செவ்வகம் என்பது மட்டும்தான் அதில் உண்டு. 'இது ஒய் கம்பி' என்று எந்தச் செவ்வகத்துக்கும் பிறவியிலேயே தெரியாது.

அவள் பயன்படுத்தியது ஸ்கை130. கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் தொழிற்சாலையும் சேர்ந்து 2020-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் விதித்தொகுப்பு. கையெழுத்து, ரகசிய ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஒரு மாணவி தன் வீட்டிலிருந்தே உண்மையான தொழிற்சாலை விதிகளை வைத்து வரையலாம் என்பது நான் படித்த காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அதில் அடியில் டிஃப்யூஷன், அதன் மேல் பாலி, அதற்கு மேல் லோக்கல் இன்டர்கனெக்ட் என்ற மெல்லிய கடத்தி, அதற்கும் மேலே ஐந்து மெட்டல் அடுக்குகள்.

இந்த உருவங்களை வைத்து எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடிப்பது மூன்று விதிகளால். ஒரே அடுக்கில் இரண்டு உருவங்கள் தொட்டுக்கொண்டால் அவை ஒரே நெட். வேறு வேறு அடுக்கில் இரண்டு கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போனால் சேராது, மேம்பாலமும் அடியில் போகும் சாலையும் மாதிரி. நடுவில் வயா அல்லது கான்டாக்ட் என்ற சின்ன சதுரத்தை வைத்தால் மட்டும் சேரும். மூன்றாவது விதியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பாலி டிஃப்யூஷன் மேல் குறுக்கே போனால் அங்கே ஒரு டிரான்சிஸ்டர் பிறக்கிறது. கண்ணுக்கு ஒரே பட்டையாகத் தெரியும் டிஃப்யூஷன் அந்த இடத்தில் இரண்டாக வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் சோர்ஸ், மறுபக்கம் டிரெயின், இரண்டும் வேறு வேறு நெட் ஆகிவிடும்.

ஆக, லேஅவுட்டில் இணைப்பு என்பது தொடுகை. இதை அவளுக்குச் சொல்ல எனக்குத் தறிதான் கைகொடுத்தது. காஞ்சிபுரத்தில் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் இழைகள், பிணைப்பது தெரியும். பழைய பாவு தீரும் நேரத்தில் அதன் முனைகளை, இழைகள் நுழைந்து போகும் விழுதிலும் பண்ணையிலும் அப்படியே விட்டுவைத்து, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் முனையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. எந்த இழையிலும் பெயர் எழுதியிருக்காது. இது உடல், இது கரை என்பதெல்லாம் அந்த இழை எந்த விழுதின் கண்ணுக்குள் போகிறது, எந்தப் பழைய இழையோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதால் மட்டுமே. ஓர் இழையை விட்டுவிட்டால் அங்கே இழை இல்லை, அவ்வளவுதான். 'அது கரை இழைதான்' என்று பக்கத்தில் நின்று சொல்வதால் துணி நெய்யப்படாது.

லேபிள் என்பது பக்கத்தில் நின்று சொல்வது.

அவள் லேபிளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம். கேலேஅவுட் மென்பொருளில் வரைந்திருந்தாள். அங்கே ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு எண்கள். ஸ்கை130-இல் முதல் மெட்டல் உருவங்கள் 68/20 என்ற எண்ணில் இருக்கும். அந்த மெட்டலுக்கான பெயர் எழுத்து 68/5-இல் எழுதப்பட வேண்டும். வெளியிலிருந்து தொடும் இடம் என்று காட்டும் பின் உருவம் 68/16. லோக்கல் இன்டர்கனெக்ட்டுக்கு இவையே 67/20, 67/5, 67/16. அவளுடைய ஒய் கம்பி 68/20-இல் இருந்தது. 'ஒய்' என்ற எழுத்தோ 67/5-இல் இருந்தது. திரையில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அழகாகத் தெரிகின்றன. மென்பொருளின் கணக்கில் அந்த எழுத்து லோக்கல் இன்டர்கனெக்ட்டுக்குச் சொந்தம். அந்தப் புள்ளியில் லோக்கல் இன்டர்கனெக்ட்டே இல்லை. எழுத்து வெறும் காற்றில் நின்றது. கம்பிக்கு மென்பொருள் தானாக ஓர் எண்ணைப் பெயராக வைத்துக்கொண்டு போய்விட்டது.

இதே தவறுக்கு இன்னொரு வடிவம் உண்டு. லேஅவுட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாகப் பரவித் தெரிந்தாலும் அது நிற்பது ஒரே ஒரு புள்ளியில். அந்தப் புள்ளி கம்பியின் மேல் இருக்க வேண்டும். எழுத்தின் பாதி கம்பி மேல் படுத்திருந்து, புள்ளி மட்டும் ஓரத்துக்கு வெளியே இருந்தால் பெயர் ஒட்டாது. முதல் மெட்டலின் குறைந்தபட்ச அகலம் 0.14 மைக்ரான். அத்தனை ஒல்லியான கம்பியில் புள்ளி சறுக்குவது எளிது. பெரிதாக்கிப் பார்த்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

எண்ணை 68/5 ஆக மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். "சர்க்யூட்ஸ் மேட்ச் யுனீக்லி" என்று வந்தது. அந்த வரியைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வரியைத் தருவது நெட்ஜென் என்ற ஒப்பீட்டு மென்பொருள். லேஅவுட்டிலிருந்து உருவங்களைப் படித்து, மேலே சொன்ன விதிகளால் நெட்டுகளைக் கண்டுபிடித்து, டிரான்சிஸ்டர்களின் பட்டியலாக்குவது முதல் படி; அதை அவளுக்குச் செய்தது மேஜிக் என்ற இன்னொரு மென்பொருள். அந்தப் பட்டியலை ஸ்கீமேடிக்கின் பட்டியலோடு நெட்ஜென் ஒப்பிடுவது இரண்டாவது படி. இதற்கு எல்விஎஸ் என்று பெயர். உள்ளே இருக்கும் நெட்டுகளுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் ஒப்பீடு கண்டுகொள்ளாது, இணைப்பின் அமைப்பைத்தான் பார்க்கும். வாசலில் இருக்கும் பின்களின் பெயர் மட்டும் பொருந்த வேண்டும். ஸ்கீமேடிக்கில் விஎஸ்எஸ் என்று எழுதிவிட்டு லேஅவுட்டில் கிரவுண்ட் என்று எழுதினால் சண்டை வரும். பலருடைய முதல் எல்விஎஸ் தோல்விக்குக் காரணம் இப்படிப்பட்ட பெயர்க்குழப்பம்தான். அதில் ஆபத்து இல்லை, திருத்திவிடலாம். ஆபத்து நேர்மாறான இடத்தில் இருக்கிறது. எல்லாம் சரி என்று எல்விஎஸ் சொல்லி, உண்மையில் கம்பி சேராமல் இருப்பது.

அதையும் அன்றே பார்த்தோம். இன்வெர்ட்டர் முடிந்த உற்சாகத்தில், ஐந்து இன்வெர்ட்டர்களை வட்டமாகக் கோத்து ரிங் ஆசிலேட்டர் வரைந்தாள். மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் இரண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு விடிடி பட்டை. இரண்டிலும் சரியான அடுக்கில், சரியான புள்ளியில் 'விடிடி' என்று எழுதிவிட்டாள். இரண்டு பட்டையையும் சேர்க்கும் நெடுக்குக் கம்பியைப் போடவில்லை. பட்டைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் இடைவெளி விதிகளைப் பார்க்கும் சோதனையும் வாய் திறக்கவில்லை. எல்விஎஸ் பொருந்துகிறது என்றது.

எப்படி? செல் எனப்படும் ஒரே வரைபடத் தொகுதிக்குள் ஒரே பெயரில் இரண்டு துண்டுகள் இருந்தால், மேஜிக் அவற்றை ஒரே நெட் என்று எடுத்துக்கொள்ளும். தொழில்துறையில் ஓடும் பெரிய சரிபார்ப்பு மென்பொருள்களிலும் இப்படிப் பெயரால் சேர்க்கும் வசதி உண்டு, வர்ச்சுவல் கனெக்ட் என்பார்கள். இதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. ஒரு சின்னத் தொகுதியை மட்டும் வரையும்போது, மேலே வரப்போகும் பெரிய மின்பட்டை இரண்டு துண்டையும் பிறகு சேர்க்கும் என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடரலாம். ஆனால் அந்த நம்பிக்கையைக் கடைசிவரை அப்படியே விட்டுவிட்டால், சிப்பின் பாதிக்கு மின்சாரம் வராது. சேராத துண்டுகளைத் தனித்தனியாகக் காட்டச் சொல்ல மேஜிக்கில் 'எக்ஸ்ட்ராக்ட் யுனீக்' என்ற கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்ததும் ஒரு விடிடி தன் பெயருக்குப் பின்னால் 'யூக்யூ' என்று ஒரு வாலுடன் வந்து நின்றது. அடுத்த ஓட்டத்தில் எல்விஎஸ் தோற்றது. தோற்க வேண்டியதுதான். அதுவரை அது சொன்னது எங்கள் எழுத்தை நம்பிச் சொன்னது.

விஎஸ்எஸ் பட்டையையும் அவள் சேர்க்கவில்லை. ஆனால் விஎஸ்எஸ்-க்கு வால் வரவில்லை. "அது மட்டும் ஏன் மாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு விஎஸ்எஸ் பட்டைகளும் தங்கள் கான்டாக்ட் வழியாக அடியில் இருக்கும் சிலிக்கான் தட்டையே தொடுகின்றன. அந்தத் தட்டும் ஒரு கடத்திதான், மோசமான கடத்தி. மென்பொருள் தட்டையும் ஒரு நெட்டாக எண்ணுவதால் 'தொடுகை இருக்கிறது, ஒரே நெட்' என்று சொல்லிவிடுகிறது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் உண்மையான மின்சாரம் உலோகப் பட்டையை விட்டு அந்தத் தட்டு வழியாகத் தடுமாறிப் போனால் சிப் ஒழுங்காக ஓடாது. இதைத் தனியாகப் பிடிக்க, தட்டு வழியாக மட்டும் சேர்ந்திருப்பவற்றைக் காட்டும் சாஃப்ட் கனெக்ட் சோதனை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். தட்டும், அதில் உருவாக்கும் வெல் என்ற கிணறும் திரையில் பின்னணி மாதிரி இருப்பதால் கண் அவற்றைக் கம்பியாகவே பார்ப்பதில்லை. நான் சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்கும் இந்த ஒரு இடத்தை அழுத்திச் சொல்வேன்.

இனி, கம்பெனிகளில் வேறு வழி. விர்ச்சுவோசோ போன்ற மென்பொருளில் ஸ்கீமேடிக்கையும் லேஅவுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைப்போம். ஸ்கீமேடிக்கிலிருந்து டிரான்சிஸ்டர்களை உருவாக்கச் சொன்னால், ஒவ்வொன்றும் தன் முனைகளில் நெட் பெயரைச் சுமந்துகொண்டே வரும். எது எதோடு சேர வேண்டும் என்று மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும், ஃப்ளைட் லைன் என்போம். ஒரு முனையிலிருந்து கம்பி இழுத்தால் அந்தக் கம்பி அந்த முனையின் பெயரைத் தானே வாங்கிக்கொள்ளும். சேர்த்துவிட்டால் அந்த மெல்லிய கோடு மறையும். தெரியாமல் வேறு நெட்டைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் உடனே ஷார்ட் என்று அடையாளம் மின்னும். தனியாக வரைந்த ஒரு செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து, 'இது இன்ன நெட்' என்று கையால் ஒதுக்கவும் செய்யலாம். மாணவர்கள் 'நெட் அசைன் பண்றது எப்படி' என்று கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

கையால் ஒதுக்குவது பயனுள்ள வேலைதான். இன்னும் எதையும் தொடாத ஒரு கம்பியை, இது கிளாக் கம்பியாகப் போகிறது என்று முன்னமே சொல்லி வைத்தால், வேறொன்றை அது தொடும்போது மென்பொருளால் எச்சரிக்க முடியும். ஷீல்டு கம்பிகளுக்கு இப்படித்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பெயர் அந்த மென்பொருளின் கோப்புக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு மட்டுமே. தொழிற்சாலைக்குப் போவது பொதுவாக ஜிடிஎஸ்-2 என்ற வடிவில். கால்மா என்ற நிறுவனம் 1970களில் கொண்டுவந்த அந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் உருவங்களுக்கு இடம் உண்டு, எழுத்துக்கு இடம் உண்டு. 'இந்தச் செவ்வகம் இந்த நெட்டுக்குச் சொந்தம்' என்ற உங்கள் ஒதுக்கீட்டை எல்விஎஸ் அதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. உருவங்களை முதலிலிருந்து படித்து, தொடுகையை மறுபடி கண்டுபிடிக்கும். ஆகவே கம்பியை ஒதுக்கிவிட்டு வயா போட மறந்தவருக்கு அங்கேதான் உண்மை தெரியவரும்.

மென்பொருள் இல்லாத காலத்தில் இதைக் கண்ணால் செய்தார்கள். 1971-இல் வந்த இன்டெல் 4004-இல் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள். பெரிய தாளில் கையால் வரைந்து, ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தை வெட்டி அச்சுக்குத் தயார் செய்த காலம். ஒவ்வொரு நெட்டையும் விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் அவருடைய மாணவர்களும். அவர்கள் 1980களில் எழுதிய மேஜிக்கைத்தான் என் அக்கா மகள் அன்று முசரவாக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது ஆண்டு தாண்டியும் பராமரிக்கப்படும் மென்பொருள்.

நம் ஊரில் இது எங்கே பயன்படுகிறது என்று அக்கா கேட்டாள். சென்னை ஐஐடியில் சக்தி என்ற பெயரில் செயலிகளை வடிவமைக்கிறார்கள். 2018-இல் ஒரு சக்தி செயலி அமெரிக்காவில் இன்டெல் தொழிற்சாலையில் 22 நானோமீட்டரில் தயாரானது. அதே ஆண்டு இன்னொன்று மொஹாலியில் உள்ள நம் அரசின் செமிகண்டக்டர் லெபாரட்டரியில் 180 நானோமீட்டரில் தயாரானது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் என்ற சக்தி சிப்பை அறிவித்தன. அதுவும் மொஹாலியில் உருவானதுதான். அத்தனை பெரிய செயலியில் ஒவ்வொரு கம்பிக்கும் யாரும் கையால் பெயர் ஒதுக்குவதில்லை. நெட் பட்டியலைக் கொடுத்தால் மென்பொருளே செல்களை அடுக்கி, கம்பிகளை இழுக்கும். ஆனால் கடிகாரத்தை உருவாக்கும் பகுதி, மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி போன்ற அனலாக் வேலைகளில் இன்றும் பெருமளவு மனிதக் கைதான். யார் இழுத்த கம்பியானாலும் கடைசியில் எல்விஎஸ் தாண்டாமல் தொழிற்சாலைக்குப் போகாது. மாஸ்க் செய்து, சிலிக்கானில் பதித்த பிறகு விட்டுப்போன ஒரு வயாவைச் சேர்ப்பது லேசான காரியமல்ல. மாதக்கணக்கில் காத்திருந்து வந்த சிப் மேசையில் செத்துக் கிடப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டம் 85,000 பேருக்கு சிப் வடிவமைப்பில் பயிற்சி தரும் இலக்கோடு நடக்கிறது. பெங்களூரு சி-டாக் நிறுவனம் வழியாகக் கல்லூரிகளுக்கு விலையுயர்ந்த மென்பொருள்கள் கிடைக்கின்றன. மாணவர்கள் வரைந்த சிப்புகள் மொஹாலியில் பதியப்பட்டுக் கையில் வருகின்றன. நல்ல மென்பொருள் கிடைத்தால் பெயர் தானாக வந்துவிடும், ஃப்ளைட் லைன் மறைந்துவிடும், எல்லாம் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை எதை நம்பி வந்தது என்று கேட்கத் தெரியாமல் பழகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அதனால் அக்கா மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். மேஜிக்கில் ஒரு கம்பியின் மேல் கர்சரை வைத்து 'எஸ்' கீயை ஒருமுறை அழுத்தினால் அந்த இடத்துச் செவ்வகம் மட்டும் தேர்வாகும். கர்சரை நகர்த்தாமல் மறுபடி அழுத்தினால் அதே பொருளில் தொட்டுக்கொண்டிருப்பதெல்லாம் தேர்வாகும். மூன்றாம் முறை அழுத்தினால் கான்டாக்ட், வயா தாண்டி மின்சாரம் எட்டும் இடமெல்லாம் தேர்வாகும். மேல் வரிசை விடிடி மேல் வைத்து மூன்று முறை அழுத்தினாள். மேல் வரிசை மட்டும் வெள்ளைக் கோட்டால் சூழப்பட்டது. கீழ் வரிசை அப்படியே இருந்தது. லேபிளை அவள் அழித்தாள், மறுபடி அழுத்தினாள், அதே படம்தான். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. பிறகு இரண்டு பட்டைக்கும் நடுவே இரண்டாம் மெட்டலில் ஒரு நெடுக்குப் பட்டை போட்டு, இரண்டு முனையிலும் வயா வைத்து அழுத்தினாள். இரண்டு வரிசையும் ஒன்றாக எழுந்தது. லேபிளைத் திரும்ப எழுதினாள், இந்தத் தடவை ஒரே ஒரு இடத்தில்.

மேஜிக், கேலேஅவுட், நெட்ஜென், ஸ்கை130 நான்கும் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். படிக்கிற பிள்ளைகள் அடுத்த லேஅவுட்டில் லேபிள் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு நெட்டின் மேலும் 'எஸ்' கீயை மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.